மோட்டார் ஏன் பாதியில் நின்றது? திருப்பாலை வீடு ஒன்றில் ஹோம் அசிஸ்டன்டை மாற்றி நிறுவிய நிகழ்வு ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போர் மோட்டார் பாதியில் நின்றுவிடுகிறது. இதுதான் அக்கா சொன்ன புகார். மற்ற நாட்களில் மாடித்தொட்டியை நிரப்பிவிட்டுத் தானாக நிற்கும் அதே மோட்டார், ஞாயிறன்று பொத்தானை அமுக்கினால் சில நேரம் இரண்டு நிமிடம் ஓடும், சில நேரம் பத்து நிமிடம் ஓடும், டக்கென்று நிற்கும். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். வோல்டேஜ் குறைவாக இருக்கலாம் என்றார், கெப்பாசிட்டரை மாற்றினார். அடுத்த ஞாயிறும் அதே கதை. போர் வற்றுகிறதோ என்ற பயம் வேறு. பங்குனி பிறந்துவிட்டால் மதுரையில் எந்த வீட்டுக்கும் வரும் பயம்தான்.

மோட்டாரில் கோளாறு இல்லை, போரிலும் இல்லை. விளக்கு, மோட்டார் போன்றவற்றை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் லினக்ஸ் இயங்குதளத்தில் எப்படி நிறுவப்பட்டிருந்தது, அதை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதில்தான் காரணம் இருந்தது. அதைக் கண்டுபிடித்த விதம், பிறகு வேறு நிறுவல் முறையைத் தேர்ந்தெடுத்த விதம், இப்போது நடக்கும் பராமரிப்பு ஆகியவற்றை வரிசையாக எழுதுகிறேன். லினக்ஸ் கணினி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுத் தானியக்கத்தில் இறங்க நினைப்பவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

வீடும் கணினியும்

நத்தம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, திருப்பாலையில் இருக்கிறது வீடு. முன்னறையில் அத்தானின் ஆபீஸ். சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து தருகிறார். உதவிக்கு இரண்டு பேர். அந்த அறை மூலையில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 ஓடும் பழைய மேசைக் கணினி ஒன்று உண்டு. எட்டு ஜிபி நினைவகம், ஒரு எஸ்எஸ்டி. ஆபீஸ் கோப்புகளை எல்லோரும் பகிர்ந்துகொள்ள சாம்பா, அச்சுப்பொறிக்கு கப்ஸ், இவற்றோடு ஹோம் அசிஸ்டன்டும் அதே கணினியில்தான். எல்லாவற்றையும் அமைத்தவன் அக்காவின் மகன். பொறியியல் படிக்கும்போது ஆசையாகச் செய்தான், நன்றாகவே செய்தான். இப்போது சென்னையில் வேலை.

தானியக்கத்தில் இருப்பவை அதிகமில்லை. மாடித்தொட்டி, சம்ப் இரண்டுக்கும் மட்டம் பார்க்கும் சென்சார்கள். போர் மோட்டாரை இயக்கும் பெட்டி. மீட்டருக்குப் பக்கத்தில் மின்சாரத்தை அளக்கும் சிறு கருவி. இவற்றில் இருப்பது வைஃபை உள்ள இஎஸ்பி சில்லும் அதை இயக்கும் இஎஸ்பிஹோம் மென்பொருளும். வாசல், படிக்கட்டு விளக்குகளுக்கு டாஸ்மோட்டா என்ற மென்பொருள் போட்ட வைஃபை சுவிட்சுகள். கதவுகளிலும் பெரியவர் படுக்கும் அறையிலும் ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் பேசும் சென்சார்கள். ஜிக்பீயை ஜிக்பீ2எம்க்யூடிடி என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது, நடுவே செய்தி கடத்துவது மோஸ்கிட்டோ என்ற இன்னொன்று.

மின்சாரத்தை அளப்பதற்கு இந்த வீட்டில் காரணம் உண்டு. நம் ஊரில் ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதலில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். ஆனால் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் விலையே மாறிவிடுகிறது, கூடுதலாக ஓடிய யூனிட்டுக்கு மட்டும் உயர்வதில்லை. 490-ல் நிற்பதற்கும் 510-ல் நிற்பதற்கும் பில்லில் நல்ல வித்தியாசம் தெரியும். ஹோம் அசிஸ்டன்டில் இரு மாதச் சுழற்சியில் எண்ணும் மீட்டர் வசதி உள்ளேயே இருக்கிறது. ரீடிங் எடுத்த அன்று அதைப் பூஜ்யமாக்கிவிட்டால் போதும். அக்கா தினமும் திறந்து பார்ப்பது அந்த ஒரு எண்ணைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் காரணம்

போன் செய்து கேட்டபோது அக்கா ஒரு விஷயம் சொன்னாள்: "சண்டே அன்னைக்குப் பூரா போன்ல அந்த ஆப்பும் திறக்க மாட்டேங்குதுடா தம்பி." அதில்தான் நூல் கிடைத்தது.

சனிக்கிழமை இரவோ ஞாயிறு காலையோ கரண்ட் போய் வந்தால் கணினி அணைந்துவிடும். இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் அதன் பின்புற சுவிட்ச் சாதாரண நிலையில் இருந்ததால், பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் கணினி நின்றுவிடும். கரண்ட் வந்ததும் தானே எழுந்துகொள்ளும் அமைப்பும் பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில், போடப்படவில்லை. வார நாளில் ஆபீஸ் திறப்பவர் வந்ததும் பொத்தானை அமுக்குவார். ஞாயிறன்று அந்த அறையே திறக்காது.

சரி, கணினி அணைந்திருக்கிறது. மோட்டார் பெட்டி சுவரில் தனியாகத்தானே இருக்கிறது, அதிலுள்ள பொத்தான் நேராக இஎஸ்பிக்குத்தானே போகிறது, மோட்டார் ஏன் நிற்க வேண்டும்? விடை இஎஸ்பிஹோமின் இயல்பான அமைப்பில் இருக்கிறது. ஹோம் அசிஸ்டன்ட் 15 நிமிடம் வரை தொடர்பில் வரவில்லை என்றால் இஎஸ்பி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். தொடர்பு சிக்கிக் கிடந்தால் விடுவிப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. விளக்குக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இந்த மோட்டார் பெட்டியில், மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்சான கான்டாக்டரின் காயிலைப் பிடித்து வைத்திருப்பது இஎஸ்பியின் ரிலேதான். இஎஸ்பி மறுதொடக்கம் ஆனால் ரிலே விடும், மோட்டார் நிற்கும். 15 நிமிடச் சுழற்சியின் எந்தப் புள்ளியில் அக்கா பொத்தானை அமுக்கினாள் என்பதைப் பொறுத்து மோட்டார் இரண்டு நிமிடமும் ஓடும், பத்து நிமிடமும் ஓடும்.

இதை முதலில் சரிசெய்தோம், மற்ற எதையும் தொடுவதற்கு முன்னால். மோட்டார் பெட்டியில் அந்த 15 நிமிடக் கெடுவைப் பூஜ்யமாக்கினேன். வைஃபைக்கும் அதேபோல் 15 நிமிடக் கெடு தனியாக உண்டு, ரவுட்டர் அணைந்திருந்தால் அது வேலையைக் காட்டும். அதையும் நீக்கினேன். இப்படிச் செய்தால் தொடர்பு சிக்கும்போது பெட்டி தானாக மீளாது என்பது உண்மை. மோட்டார் பெட்டிக்கு மட்டும் அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் தீர்ப்பு. மின்தடைக்குப் பின் ரிலே எப்போதும் அணைந்த நிலையில்தான் எழ வேண்டும் என்பதையும் வெளிப்படையாக எழுதி வைத்தேன்.

இன்னொன்றையும் மாற்றினோம். மோட்டார் தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடினால் இழுக்கும் கரண்ட் குறையும். அதைப் பார்த்து நிறுத்தும் விதி ஹோம் அசிஸ்டன்டில் இருந்தது. அதை இஎஸ்பிக்குள்ளேயே கொண்டுவந்தோம். தொட்டி நிரம்பினால் நிறுத்த, மென்பொருள் எதுவும் நடுவில் இல்லாமல், காயில் வயரிலேயே ஒரு ஃப்ளோட் சுவிட்சை எலக்ட்ரீஷியன் தொடராகப் போட்டுக் கொடுத்தார். மோட்டாரைக் காப்பாற்றும் வேலை மோட்டாருக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். முன்னறையில் ஓடும் கணினியை நம்பி அதை விடக்கூடாது. நிறுவல் முறை எதுவானாலும் இந்த விதி மாறாது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இன்வெர்ட்டரை யூபிஎஸ் நிலைக்கு மாற்றினோம். கரண்ட் வந்ததும் கணினி தானே எழும்படி பயாஸில் போட்டோம். ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறு யூபிஎஸ் ஒன்று வாங்கினார் அத்தான். புகார் அத்தோடு தீர்ந்தது.

அப்டேட் நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை

கணினிக்குள் நுழைந்து பார்த்தபோது அடுத்த விஷயம் தெரிந்தது. ஹோம் அசிஸ்டன்ட் 2024 மார்ச் பதிப்பிலேயே நின்றிருந்தது. மருமகன் சென்னையிலிருந்து அவ்வப்போது அப்டேட் கட்டளையைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான். பிழை ஏதும் வரவில்லை. இருப்பதே புதியது என்றுதான் பதில் வந்தது.

அவன் நிறுவியிருந்தது கோர் என்று சொல்லப்படும் முறை. பைத்தான் நிரல்மொழியில் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதற்குள் பிப் என்ற நிறுவல் கருவி மூலம் ஹோம் அசிஸ்டன்டை இறக்கி, கணினியோடு தானே எழும் சிஸ்டம்டி சேவையாக ஓட விடுவது. 2013-ல் பவுலஸ் ஸ்கவுட்சன் பைத்தானில் எழுதத் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்டுக்கு இது பழைய வழிகளில் ஒன்று. லினக்ஸ் தெரிந்தவருக்கு ஆகப் பிடித்தமான வழியும் அதுதான், ஏனென்றால் எதுவும் மறைந்திருக்காது. ஆனால் டெபியன் 12-ல் இருப்பது பைத்தான் 3.11. ஹோம் அசிஸ்டன்ட் 2024 ஏப்ரல் பதிப்பிலிருந்து 3.12 கேட்டது, 2025 பிப்ரவரி பதிப்பிலிருந்து 3.13 கேட்டது. பிப் என்ன செய்யும்? கையில் இருக்கும் பைத்தானுக்குப் பொருந்தும் பதிப்புகளில் எது புதியதோ அதை எடுக்கும். 3.11-க்குப் பொருந்துவதில் கடைசி 2024 மார்ச் பதிப்பு. அதனால் சத்தமே இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டது.

டெபியனின் குணமும் ஹோம் அசிஸ்டன்டின் குணமும் இங்கே முட்டுகின்றன. டெபியன் ஒரு பதிப்பை வெளியிட்டால் அதிலுள்ள பைத்தானை ஆண்டுக்கணக்கில் மாற்றாது. அதை நம்பித்தான் நாம் ஆபீஸ் கணினியில் டெபியன் போடுகிறோம். ஹோம் அசிஸ்டன்ட் மாதந்தோறும், பெரும்பாலும் முதல் புதன்கிழமை, புதுப் பதிப்பு விடுகிறது. இரண்டையும் ஒரே பைத்தானில் கட்டிப்போட்டால் ஒன்று நிற்கத்தான் செய்யும்.

இதற்கிடையில் 2025 மே மாதம் ஹோம் அசிஸ்டன்ட் திட்டமே ஓர் அறிவிப்பு விட்டது. கோர், சூப்பர்வைஸ்டு ஆகிய இரண்டு நிறுவல் முறைகளுக்கும், 32 பிட் கணினிகளுக்கும் ஆதரவு நிற்கிறது, 2025 டிசம்பர் பதிப்போடு முடிகிறது என்று. ஓடுவதை யாரும் வந்து நிறுத்தப்போவதில்லை. ஆனால் கோளாறு என்று போனால் கேட்க ஆள் இருக்காது.

எதைத் தேர்ந்தெடுப்பது

மருமகன், அத்தான், நான் மூவரும் உட்கார்ந்து பேசினோம், அவன் வீடியோவில்.

கோரையே தொடர்வது என்றால், பைத்தான் புதுப் பதிப்பைத் தனியாக இறக்கிக்கொண்டு ஓட்டலாம். முடியும். ஆனால் ஒவ்வொரு முறையும் பைத்தான் மாறும்போது யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது, ஆதரவும் போய்விட்டது. விட்டோம். சூப்பர்வைஸ்டு முறை டெபியன் மேலேயே முழு வசதியும் தரும் என்று முன்பு பலருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்தக் கணினியில் வேறு மென்பொருள் ஓடக்கூடாது என்று நிபந்தனை வைத்த முறை அது. சாம்பாவும் கப்ஸும் இருக்கும் கணினியில் அது அன்றைக்கே ஆதரவில்லாத நிலை என்று மஞ்சள் கொடி காட்டியிருக்கும். இப்போது அந்த முறையே ஆதரவு இழந்துவிட்டது.

ஓப்பன்ஹாப் என்ற மாற்று மென்பொருள் பற்றியும் பேசினோம். ஜாவாவில் எழுதியது, டெபியனுக்குத் தனித் தொகுப்புக் களஞ்சியம் வைத்திருக்கிறார்கள், மற்ற மென்பொருளோடு சேர்த்து டெபியனின் ஆப்ட் கருவி மூலமாகவே அப்டேட் ஆகும். பராமரிப்பு நோக்கில் அது நல்ல குணம். ஆனால் விதிகள் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும், அக்கா பழகிய திரையும் மாறிவிடும். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் அதற்கு நியாயம் இல்லை.

மிஞ்சியது இரண்டு. ஒன்று, தனி இயங்குதளமாகவே வரும் ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ். அதைக் கணினியில் நேரடியாகப் போட்டால் முழு வட்டையும் எடுத்துக்கொள்ளும். ஆபீஸ் கோப்புகள் இருக்கும் கணினியில் அந்தப் பேச்சே இல்லை. எனவே டெபியன் மேல் கேவிஎம் மெய்நிகர் இயந்திரமாக, அதாவது கணினிக்குள் இன்னொரு கணினி போல, ஓட்ட வேண்டும். இரண்டு, டெபியன் மேல் டாக்கர் வைத்து ஹோம் அசிஸ்டன்ட் கன்டெய்னரை ஓட்டுவது. கன்டெய்னர் என்பது மென்பொருளையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தனியாக ஓட்டும் முறை.

மெய்நிகர் இயந்திரம் வேண்டும் என்றது அத்தான். "மாப்ள, உங்க அக்கா ஒரு பட்டனை அமுக்குனா அப்டேட் ஆகணும். உன்னையும் இவனையும் எதிர்பார்த்துட்டு இருக்க முடியுமா?" நியாயமான கேள்விதான். ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் அதற்காகவே வடிவமைத்தது. திரையிலேயே அப்டேட், அதற்கு முன் பேக்கப், ஜிக்பீ2எம்க்யூடிடி, மோஸ்கிட்டோ இரண்டும் ஆட்-ஆன் எனப்பட்ட துணை மென்பொருள்களாக உள்ளேயே, அவற்றுக்கும் சேர்த்து ஒரே பேக்கப். ஓஎஸ்ஸுக்கு வட்டில் இரண்டு இடங்கள் ஒதுக்கியிருக்கும். புதியது எழாவிட்டால் பழையதற்குத் திரும்பிக்கொள்ளும். இரண்டு ஜிபி நினைவகமும் 32 ஜிபி வட்டும் ஒதுக்கினால் போதும், அந்தக் கணினியில் இடம் இருந்தது.

மருமகன் கன்டெய்னர் பக்கம். அதில் ஆட்-ஆன் கிடையாது. ஆனால் மோஸ்கிட்டோவும் ஜிக்பீ2எம்க்யூடிடியும் ஏற்கெனவே இந்தக் கணினியில் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தவைதானே. அவற்றையும் கன்டெய்னராக்கி, எந்தெந்தக் கன்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் ஒரே கம்போஸ் கோப்பில் எழுதிவிடலாம். ஹோம் அசிஸ்டன்டுக்கு வேண்டிய பைத்தான் கன்டெய்னருக்குள்ளேயே வரும். டெபியன் தன் வேகத்தில் போகட்டும், இது தன் வேகத்தில் போகட்டும்.

நிறுவும்போது எது சுலபம் என்று பார்த்தால் இரண்டுமே ஒரு மாலைப்பொழுது வேலை. நான் கேட்ட கேள்வி வேறு. இந்த எஸ்எஸ்டி ஒரு நாள் செத்துவிட்டால், நான் ஊரில் இல்லாவிட்டால், இந்த வீட்டில் கிடைக்கும் ஆளையும் பொருளையும் வைத்து எவ்வளவு நேரத்தில் மீட்க முடியும்? நிறுவல் முறையைத் தேர்ந்தெடுப்பது அந்த நாளுக்கான ஏற்பாட்டைத் தேர்ந்தெடுப்பதுதான். அதைப் பேசி முடிவு செய்ய வேண்டாம், செய்து பார்த்துவிடுவோம் என்றேன்.

மீட்புப் பரீட்சை

வீட்டில் மருமகன் விட்டுப்போன பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது, அதிலும் டெபியன்தான். முன்னறைக் கணினி செத்துவிட்டதாக வைத்துக்கொண்டு, இந்த மடிக்கணினியில் வீட்டை எழுப்ப வேண்டும். அதுதான் பரீட்சை.

முதலில் மெய்நிகர் இயந்திரம். அதன் வட்டுக் கோப்பை வெளி வட்டிலிருந்து எடுத்துப் போட்டதும் ஓஎஸ் எழுந்தது. ஆனால் வீட்டிலுள்ள கருவிகள் அதற்குத் தெரியவில்லை. மெய்நிகர் இயந்திரத்தை நடத்தும் லிப்வெர்ட்டின் இயல்பான பிணையம், வீட்டுப் பிணையத்திலிருந்து பிரிந்து நிற்கும் நாட் முறையில் இருப்பதால், கருவிகள் தங்களை அறிவிக்கும் எம்டிஎன்எஸ் செய்திகள் உள்ளே போகாது. அதற்கு வீட்டுப் பிணையத்தோடு நேராகச் சேர்க்கும் பிரிட்ஜ் வேண்டும். முன்னறைக் கணினி ரவுட்டரோடு வயரில் இணைந்திருப்பதால் அங்கே பிரிட்ஜ் சுலபம். மடிக்கணினி இருப்பது வைஃபையில். சாதாரண வைஃபை இணைப்பின் மேல் பிரிட்ஜ் போட முடியாது. அதன் வயர் துளையோ உடைந்து கிடந்தது. ஜிக்பீ குச்சியையும் (ஜிக்பீ சென்சார்களோடு பேசும் யூஎஸ்பி கருவி) மெய்நிகர் இயந்திரத்துக்குள் தனியாகக் கடத்திவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு வழியும் தெரிந்த ஆள் வேண்டும், அந்த ஆள் ஊரில் இல்லாத நாளைத்தானே நாம் பரீட்சை செய்கிறோம்.

அப்புறம் கன்டெய்னர். டாக்கர் எஞ்சினை நிறுவி, ஒரு கோப்புறையை நகலெடுத்து, கம்போஸ் கட்டளை ஒன்று. பிணையத்தை ஹோஸ்ட் முறையில் வைத்திருப்பதால் மடிக்கணினியின் வைஃபையையே நேராகப் பயன்படுத்தியது. இஎஸ்பிஹோம் கருவிகள் உடனே வந்துவிட்டன, ஏனென்றால் அங்கே கருவியைத் தேடிப் போவது ஹோம் அசிஸ்டன்ட்தான். சேவையகத்தின் முகவரி மாறினாலும் கருவிக்குக் கவலையில்லை. டாஸ்மோட்டா சுவிட்சுகள் வரவில்லை. அவை மோஸ்கிட்டோவின் முகவரியைத் தமக்குள் எழுதி வைத்திருக்கும். ரவுட்டரில் பழைய கணினியின் முகவரியை மடிக்கணினிக்குக் கொடுத்ததும் அவையும் வந்தன. ஜிக்பீ குச்சியைப் பிடுங்கி இங்கே செருகினோம், கதவு சென்சார்கள் பேசின.

தடுமாறியது ஒரே இடத்தில். கன்டெய்னருக்கான பொட்டலங்களான டாக்கர் படிமங்களை இறக்க நெட் வேண்டும், ஹோம் அசிஸ்டன்டின் படிமம் மட்டுமே விரித்தால் ஒரு ஜிபிக்கு மேல் வரும். நெட் இல்லாத நாளில் என்ன செய்வது? படிமங்களைக் கோப்பாகச் சேமித்து ஒரு பென் டிரைவில் வைத்தோம்.

கன்டெய்னர் என்று முடிவானது. அத்தானின் பட்டன் கேள்விக்கு என் பதில் இது: இந்த வீட்டில் அப்டேட் பட்டனை அக்கா அமுக்க வேண்டிய தேவையே இல்லை. அப்டேட் ஒரு மாதம் தள்ளிப்போனால் எதுவும் கெடாது. மீட்பு ஒரு நாள் தள்ளிப்போனால் பெரியவர் அறையின் சென்சார் ஒரு நாள் செத்துக் கிடக்கும்.

இதே மதுரை மாவட்டத்தில் மேலூர் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டபோது நான் நேர் எதிராகச் சொன்னேன். அவர் வீட்டில் லினக்ஸ் தெரிந்தவர் யாருமில்லை, பகிர்ந்துகொள்ள வேண்டிய வேறு வேலையும் இல்லை. தனியாக ஒரு சிறு கணினி வாங்கி, ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ்ஸை நேரடியாகப் போட்டுவிடச் சொன்னேன். அங்கே அதுதான் சரி.

மாற்றிய விதம்

இடம் மாற்றுவதையும் பதிப்பு உயர்த்துவதையும் ஒன்றாகச் செய்யவில்லை. பழைய சேவையை நிறுத்தி, அது தானாக எழாதபடி முடக்கினோம். இல்லாவிட்டால் அடுத்த மின்தடைக்குப் பிறகு இரண்டும் 8123 என்ற ஒரே வாசலுக்கு (போர்ட்) அடித்துக்கொள்ளும். அமைப்புக் கோப்புறையை நகலெடுத்தோம். புள்ளியில் தொடங்கும் மறைந்த சேமிப்புக் கோப்புறையும் சேர்ந்து வந்ததா என்று பார்ப்பது முக்கியம். பயனர்கள், கருவிகள், மறையாக்கச் சாவிகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. பழைய வீட்டுக் கோப்புறையின் முழு முகவரி எழுதியிருந்த வரிகளைத் திருத்தினோம். பிறகு அதே 2024 மார்ச் பதிப்பின் கன்டெய்னரை ஓட்டினோம். எல்லாம் முன்பு போலவே இருந்ததைச் சில நாட்கள் பார்த்த பின்தான் பதிப்பை உயர்த்தத் தொடங்கினோம், அதையும் 2024 டிசம்பர், 2025 நடுப்பகுதி என்று படி வைத்து. ஒவ்வொரு படியிலும் பொருந்தாத மாற்றங்கள் என்ற பகுதியைப் படித்து, திரையில் பழுது நீக்கப் பக்கம் சொல்வதைச் சரிசெய்து, பிறகு அடுத்த படி.

டாக்கர் டெஸ்க்டாப்பைப் போட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸிலும் அது ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுவது, ஹோஸ்ட் பிணையமும் கருவிகளும் நமக்கு வேண்டியபடி கிடைக்காது. டாக்கர் எஞ்சின்தான் வேண்டும். ஜிக்பீ குச்சியை வரிசை எண் கொண்ட நிலையான பெயரில் குறிப்பிட வேண்டும். சாதாரண துளைப் பெயர் மறுதொடக்கத்தில் மாறக்கூடும். குச்சியை யூஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகாமல் நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் இரைச்சல் குறையும், மாடிப்படி சென்சார் விட்டு விட்டு வந்தது அதனால்தான்.

பராமரிப்பு

கம்போஸ் கோப்பில் நிலையான பதிப்பு என்ற பொதுப் பெயரைப் போடாமல் பதிப்பு எண்ணையே எழுதியிருக்கிறோம். தானாகக் கன்டெய்னரை அப்டேட் செய்யும் கருவி எதுவும் இல்லை. நாள் குறிக்க அத்தானின் நாள்காட்டியே உதவியது. ஜிஎஸ்டிஆர் 1 தாக்கலுக்கு 11-ம் தேதி, 3பி-க்கு 20-ம் தேதி. அந்தத் தேதிகளுக்கு முன் முன்னறைக் கணினியை யாரும் தொடக்கூடாது. ஹோம் அசிஸ்டன்ட் புதுப் பதிப்பு வருவதோ மாதத் தொடக்கத்தில். எனவே 20 கழிந்த பிறகு அப்டேட். அதற்குள் அந்த மாதப் பதிப்பின் திருத்தங்களும் வந்திருக்கும். ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் செய்தாலும் போதும்.

அப்டேட் பிடிக்கவில்லை என்றால் பழைய எண்ணைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று மருமகன் நினைத்திருந்தான். கன்டெய்னர் திரும்பும், தரவு திரும்பாது. புதுப் பதிப்பு முதல் முறை எழும்போதே தரவுத்தளத்தின் அமைப்பையும் சேமிப்புக் கோப்புகளையும் மாற்றிவிடுகிறது. பழைய பதிப்பு அவற்றைப் படிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. எனவே அப்டேட்டுக்கு முன் எடுத்த நகலும் பழைய எண்ணும் சேர்ந்துதான் திரும்ப வேண்டும்.

2025 ஜனவரி பதிப்பிலிருந்து கன்டெய்னரிலும் தானியங்கி பேக்கப் திரையிலிருந்தே கிடைக்கிறது, பிப்ரவரி பதிப்பிலிருந்து கூகுள் டிரைவுக்கும் அனுப்பலாம். இரவில் அது நடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை நேராக நகலெடுத்தால் அரைகுறையாக வரும் அபாயம் உண்டு. இந்த பேக்கப் பதிவை நிறுத்திவைத்து எடுப்பதால் அதுவே நம்பகம். ஆனால் கன்டெய்னர் முறையில் அந்த பேக்கப்புக்குள் இருப்பது ஹோம் அசிஸ்டன்ட் மட்டும். ஜிக்பீ2எம்க்யூடிடி கோப்புறை, மோஸ்கிட்டோ அமைப்பு, கம்போஸ் கோப்பு எதுவும் அதில் வராது. ஓஎஸ் முறையிலிருந்து வருபவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. ஜிக்பீயின் பிணையச் சாவி போய்விட்டால் வீட்டிலுள்ள ஒவ்வொரு சென்சாரையும் ஏணி போட்டு ஏறி மறுபடி இணைக்க வேண்டும். இவற்றுக்குத் தனியாக ஒரு சிறு ஸ்கிரிப்ட் இரவில் ஓடுகிறது.

பேக்கப் மறையாக்கம் செய்யப்பட்டது. அதன் சாவி அந்தக் கணினிக்குள்ளேயே இருந்தால் பயனில்லை. சாவியையும், மீட்கும் படிகளையும், ரவுட்டரில் எந்த முகவரியை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, பென் டிரைவோடு பீரோவில் வைத்திருக்கிறாள் அக்கா. லினக்ஸ் கொஞ்சம் தெரிந்த எந்தக் கல்லூரிப் பிள்ளையும் அதைப் பார்த்துச் செய்துவிடலாம்.

தரவுத்தளத்தில் எழுதுவதையும் குறைத்தோம். வைஃபை வலிமை, நொடிக்கொரு வோல்டேஜ் போன்றவற்றைப் பதிவிலிருந்து நீக்கினோம். விவரமான வரலாறு இயல்பாக 10 நாள்தான் இருக்கும், அது போதும். யூனிட் கணக்கு போன்ற நீண்ட காலப் புள்ளிவிவரங்கள் அதற்குப் பிறகும் மணிக்கணக்கில் தொகுக்கப்பட்டுத் தங்கும். மின்தடையில் தரவுத்தளம் சிதைந்தால் ஹோம் அசிஸ்டன்ட் அதை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதியதைத் தொடங்கிக்கொள்ளும், வீடு ஓடும். ஆனால் இரண்டு மாத யூனிட் வரலாறு பழைய கோப்போடு போய்விடும். அதனால்தான் பேக்கப்பில் வரலாற்றையும் சேர்த்திருக்கிறோம்.

வெளியிலிருந்து பார்ப்பதற்கு ரவுட்டரில் எந்த வாசலையும் திறக்கவில்லை. வீட்டு ஃபைபர் இணைப்பில் தனிப் பொது முகவரியும் கிடையாது. டெபியனிலேயே, நம் கருவிகளை மட்டும் ஒரு தனிப் பிணையமாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டு, எங்கள் போன்களையும் மருமகனின் கணினியையும் சேர்த்திருக்கிறோம்.

பராமரிப்பு மின்தடை அன்று காலை முதல் மதியம் தாண்டியும் கரண்ட் இல்லாமல் இருந்தது. இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்து கணினி அணைந்தது, கரண்ட் வந்ததும் தானே எழுந்தது, மூன்று கன்டெய்னர்களும் எழுந்தன. அக்கா போன் செய்யவில்லை. மாலையில் நானாகக் கேட்டபோது, "தொட்டி நிறைஞ்சிருச்சு, ஏன்டா?" என்றாள்.

பாக்கி இரண்டு. மாற்று ஜிக்பீ குச்சி ஒன்று, இப்போது இருக்கும் அதே வகைச் சில்லு கொண்டதாக வாங்கி வைக்க வேண்டும். ஜிக்பீ2எம்க்யூடிடி சேமிக்கும் குச்சி நகல் அப்போதுதான் பயன்படும். அடுத்தது டெபியன் 13-க்கு மாறுவது. 12-க்கு நீண்ட கால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது, அவசரமில்லை. ஆண்டுக் கணக்கு வேலை முடிந்து அத்தானின் ஆபீஸ் ஓயும் வாரத்தில், மடிக்கணினியில் வீட்டை ஓடவிட்டு, முன்னறைக் கணினியை நிதானமாக மாற்றிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.